முரட்டுக் கறியும் மூன்று மணி நேரமும்

1963 பிப்ரவரி 11. பாஸ்டன் நகரின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூ.ஜி.பி.எச்.சில் 'தி பிரெஞ்ச் செஃப்' என்ற சமையல் நிகழ்ச்சி தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படம். ஆறடிக்கு மேல் உயரமான ஜூலியா சைல்ட் முதல் நாளே சமைத்துக் காட்ட எடுத்துக்கொண்டது கேக்கும் அல்ல, கோழி ரோஸ்ட்டும் அல்ல, 'பெஃப் பூர்கின்யோன்'. பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து மாட்டிறைச்சி ஸ்டூ. பெயர் மிரட்டினாலும் பாத்திரத்துக்குள் போவதெல்லாம் எளிய சாமான்கள்தான்: விலை குறைந்த முரட்டுக் கறி, வெங்காயம், காளான், கொஞ்சம் பன்றிக் கொழுப்பு, சிவப்பு ஒயின், மூன்று மணி நேரப் பொறுமை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1961ல், சிமோன் பெக், லூயிசெத் பெர்தோல் இருவருடனும் சேர்ந்து அவர் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் குறிப்பு படிப்படியாக, ஒரு சந்தேகமும் மிஞ்சாதபடி எழுதப்பட்டிருந்தது. அமெரிக்க நடுத்தர வீடுகளில் அது வழக்கமான விருந்துச் சாப்பாடாக மாறியதில் அந்த நிகழ்ச்சிக்குப் பெரிய பங்குண்டு.

பர்கண்டிக்காரர்களுக்கு மட்டும் சொந்தமான வித்தை அல்ல இது. ஹங்கேரியில் பொர்கொல்ட், பழைய டெல்லியில் நிஹாரி, கிழக்கு ஐரோப்பிய யூதர் வீடுகளில் சோலண்ட், கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடுகளில் இஷ்டு, இலங்கைப் பறங்கியர் வீடுகளில் ஸ்மோர். மசாலா வேறு, கொழுப்பு வேறு, தொட்டுக்கொள்ளும் ரொட்டியும் ஆப்பமும் வேறு. வேலை ஒன்றே: கடிக்க முடியாத கறியைக் கரண்டியால் வெட்டும் பதத்துக்குக் கொண்டுவருவது.

அதே கறி, அதே மசாலா, அதே நேரம். ஒரு வீட்டில் வெண்ணெயாக வருகிறது, அடுத்த வீட்டில் சக்கையாக வருகிறது. என்ன காரணம்? சமையல் புத்தகங்கள் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்கின்றன. நன்றாக வறுக்க வேண்டும், நல்ல ஒயின் ஊற்ற வேண்டும், எலும்புச் சாறு சேர்க்க வேண்டும் என்று பட்டியல் நீளும். அவற்றில் பாதிக்கு மேல் ருசி சம்பந்தப்பட்டவை. கறியின் பதத்தோடு அவற்றுக்கு உறவு குறைவு. பதத்தைத் தீர்மானிப்பவை இரண்டுதான்: மாட்டின் எந்தப் பாகம், எந்த வயது என்பது ஒன்று, அடுப்பின் சூட்டை எப்படிப் பிடித்து வைக்கிறோம் என்பது இன்னொன்று.

முதலில் ஒரு விசித்திரம். மூன்று மணி நேரம் குழம்பிலேயே ஊறிக் கிடந்த துண்டு, வாயில் போட்டால் வறண்டிருக்கலாம். பச்சைக் கறியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். சூடு 50 டிகிரி செல்சியஸை எட்டும்போது மயோசின் என்ற புரதம் சுருங்கத் தொடங்குகிறது. 65லிருந்து 70 டிகிரிக்குள் ஆக்டினும் சேர்ந்துகொள்ள, தசைநார்கள் ஈரத்துணியைப் பிழிவதுபோல் தம் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. சுற்றிலும் எவ்வளவு குழம்பு நின்றாலும் இது நிற்காது. ஒரு கிலோ கறி வெந்து முடிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான எடையை இழந்திருக்கும். கொழுப்போ சவ்வோ இல்லாத சுத்தக் கறி அதன் பிறகு வெறும் நார்தான். 'சுத்தமான கறியா கொடுங்க' என்று கேட்டு வாங்கியவர் ஸ்டூவைக் கடையிலேயே பாதி கெடுத்துவிட்டார்.

சாறு நிறைந்ததுபோல் நாக்குக்குத் தோன்றச் செய்வது சவ்வு. அதிலுள்ள கொலாஜன், மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய அமைப்பு கொண்ட புரதம். 60 டிகிரிக்கு மேல் அது சுருங்கி இறுகும். இந்தக் கட்டத்தில் கறியைக் குத்திப் பார்ப்பவர்களுக்குப் பயம் வரும். போட்டதைவிடக் கெட்டியாக இருக்கும். 70 டிகிரியைத் தாண்டி, மணிக்கணக்கில் அங்கேயே நின்றால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரைகிறது. ஆறிய ஆட்டுக்கால் சூப் கட்டிக்கொள்வதும் நல்ல ஸ்டூ உதட்டில் பிசுபிசுப்பதும் இதனால்தான். வறண்டுபோன நார்களுக்கு நடுவே ஜெலட்டின் பரவி, போன தண்ணீருக்கு ஈடு செய்கிறது.

ஆகவே மாட்டின் எந்தத் தசை அதிகம் உழைத்ததோ அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். தோள்பட்டை, கழுத்து, முன்னங்கால் சதை, கன்னம், வால். கறிக்கடையில் 'அண்டர்கட்' என்று தனியாக எடுத்து வைத்து கூடுதல் விலைக்கு விற்கும் மெத்துக்கறி ஐந்து நிமிட வறுவலுக்கு ராஜா. ஸ்டூவுக்குப் பணமும் வீண், கறியும் வீண். 'போன்லெஸ்' என்று முன்கூட்டியே நறுக்கி வைத்திருக்கும் குவியலும் ஆகாது. அதில் நாலைந்து பாகங்களின் ஓரங்கள் கலந்திருக்கும். ஒன்று வெந்து உதிரும் நேரத்தில் மற்றொன்று அப்போதுதான் இறுகிக்கொண்டிருக்கும். ஒரே பாகத்தில் முழுத்துண்டாக வாங்கி, வீட்டில் நாலைந்து சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்குவது நல்லது. குழம்புக்கு நறுக்குவதுபோல் சின்னதாக நறுக்கினால் மூன்று மணி நேரத்தில் கறியைத் தேட வேண்டி வரும்.

வயது என்ற விஷயத்தை மேலைநாட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. பேச வேண்டிய தேவை அங்கே இல்லை. பிரிட்டனில் பித்துப்பசு நோய் அச்சத்தால் 1996லிருந்து 2005 வரை முப்பது மாதத்தைத் தாண்டிய மாட்டின் இறைச்சி உணவுக்கு வருவதே தடுக்கப்பட்டிருந்தது. அந்தத் தடைக்கு முன்னும் பின்னும்கூட அங்கே கறிக்கென்றே வளர்க்கும் மாடுகள் இளவயதிலேயே அறுக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் கதை தலைகீழ். 1958ஆம் ஆண்டுக் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டை அறுக்க வழி விடுகிறது. இங்கே கடைக்கு வருவது உழுது களைத்த மாடு, அல்லது கறவை நின்ற எருமை. வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் கூடுகின்றன. அவை எளிதில் அவிழாது. லண்டன் புத்தகத்தில் 'இரண்டரை மணி நேரம்' என்று போட்டிருப்பதை நம்பி வேலூரிலோ சென்னையிலோ அடுப்பை அணைத்தால், ரப்பரை மெல்ல வேண்டியதுதான். பிழை சமைத்தவர் கையில் இல்லை. புத்தகத்து மாடும் பாத்திரத்து மாடும் வேறு வேறு.

இதற்கு நம் ஊரில் ஒரு குறுக்குவழி உண்டு: பப்பாளிக்காய்த் துண்டு. அதிலுள்ள பப்பைன் நொதி புரதத்தை வெட்டுவது உண்மை. மெல்லிய கபாப் துண்டுகளுக்கு அது போதும். கனத்த துண்டில் நொதி மேற்பரப்பைத் தாண்டி உள்ளே அதிகம் போகாது; மேலே கூழாகி உள்ளே கட்டையாக நிற்கும். மூன்று மணி நேரம் வேகப்போகிற கறிக்கு அந்த அவசரம் தேவையில்லை.

அடுத்தது, சமையல்காரர்கள் அதிகம் மல்லுக்கட்டும் கேள்வி. கறியை முதலில் சிவக்க வறுக்க வேண்டுமா?

1847ல் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் யுஸ்டஸ் ஃபொன் லீபிக் கறியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பலத்த சூட்டில் கறியின் மேற்பரப்பு உறைந்து ஒரு கவசம் உண்டாகிறது, அது உள்ளே இருக்கும் சாற்றைப் பூட்டி வைக்கிறது என்பது அவர் கருத்து. பெரிய அறிஞர் சொல்லிவிட்டார் என்று ஐரோப்பிய, அமெரிக்கச் சமையலறைகள் அப்படியே ஏற்றுக்கொண்டன. நூறு ஆண்டு கழிந்தும் 'சாற்றைப் பூட்டுதல்' புத்தகங்களில் தொடர்ந்தது. 1984ல் ஹெரால்ட் மெக்கீ தன் புகழ்பெற்ற சமையல் அறிவியல் நூலில் இதை உடைத்துப் போட்டார். வாதம் எளியது. வறுக்கும்போது சட்டியில் கேட்கும் 'சுர்' சத்தமே கறியிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறுவதற்குச் சாட்சி. கவசம் என்று ஒன்று இருந்தால் சத்தம் அடங்கியிருக்க வேண்டும்.

லீபிக்கின் கதையில் ஒரு வேடிக்கையான பின்னிணைப்பும் உண்டு. அவர் பெயரில் 1865ல் தொடங்கிய நிறுவனம் உருகுவேயின் ஃப்ரே பெண்டோஸ் ஊரில் மாட்டுக்கறியைக் காய்ச்சிக் கரிய பசையாக வடித்து உலகெங்கும் விற்றது. ஒரு கிலோ பசைக்கு முப்பது கிலோ கறி பிடித்தது. ஏழைகளுக்கு ஊட்டச்சத்து என்ற விளம்பரம் நிலைக்கவில்லை. ஆனால் குழம்பில் ஒரு கரண்டி போட்டால் ருசி தூக்கியது. இன்று மளிகைக் கடையில் கிடைக்கும் சூப் கட்டிகளின் வம்சம் அந்தப் பசையைத் தொட்டுத்தான் வருகிறது. சாற்றைப் பூட்டுவதில் தவறிய மனிதர் சாற்றை விற்பதில் தவறவில்லை.

சாறு பூட்டப்படாவிட்டாலும் வறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது ருசி. 1912ல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-கமீல் மெய்லார், அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறமும் புது மணமும் உண்டாக்குவதை விவரித்தார். ரொட்டியின் மேல்தோல், காபிக் கொட்டை, முறுகலான தோசை எல்லாவற்றிலும் நடப்பது அதுவே. அந்த வினை வேகம் பிடிக்க 140 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். ஈரம் இருக்கும் வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால்தான் ஜூலியா சைல்ட் கறியைத் துணியால் ஒற்றி உலர்த்தச் சொன்னார், சட்டியில் நெருக்கிப் போடாதே என்றார். நெருக்கினால் சூடு இறங்கி, கறி தன் தண்ணீரிலேயே வேகத் தொடங்கும். நிறம் சாம்பலாகும். அப்புறம் எவ்வளவு கிளறினாலும் சிவக்காது.

எல்லாப் பக்கமும் சிவக்க வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. இரண்டு பக்கம் நன்றாகச் சிவந்து, அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைத் தண்ணீரோ ஒயினோ ஊற்றிச் சுரண்டிக் கரைத்துவிட்டால் குழம்புக்கு வேண்டிய ருசி வந்துவிடும். பழுப்பு கறுப்பாகிவிட்டால் சுரண்டாமல் கொட்டிவிட வேண்டும். அந்தக் கசப்பை எந்த மசாலாவும் மறைக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கறியை வறுக்காமலேயே அற்புதமான ஸ்டூ செய்கிறவர்களைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. ஹங்கேரியர்கள் அந்தக் கட்சி.

வெளிநாட்டில் 'கூலாஷ்' என்று கெட்டியாகப் பரிமாறப்படுவதற்கு ஹங்கேரியில் பெயர் பொர்கொல்ட். அங்கே குயாஷ் என்று கேட்டால் சூப்தான் வரும். பெரிய ஹங்கேரியச் சமவெளியில் மாடு மேய்த்தவர்கள் தொங்கும் கொப்பரையில் சமைத்த இந்த உணவு மேல்தட்டு மேசைக்கு ஏறியதில் அரசியலும் கலந்திருக்கிறது. 1784ல் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் யோசெஃப் ஜெர்மன் மொழியை நிர்வாக மொழியாக்கினார். ஹங்கேரியப் பிரபுக்கள் எதிர்த்து நின்று தங்கள் மொழி, உடை என எல்லாவற்றையும் பிடித்துக்கொண்ட காலத்தில் மாட்டுக்காரனின் குழம்பும் நாட்டு அடையாளமானது. பேரரசர் 1790ல் தன் ஆணைகளில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றார். குயாஷ் மேசையிலிருந்து இறங்கவில்லை.

அதன் செய்முறையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. ஒரு கிலோ கால்சதைக்கு அரைக் கிலோ வெங்காயம் பொடியாக நறுக்கிப் பன்றிக் கொழுப்பில் பொன்னிறம் வரும் வரை நிதானமாக வதக்குகிறார்கள். பிறகு சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் பாப்ரிகா மிளகாய்த்தூளைக் கொட்டுகிறார்கள். அதில் சர்க்கரை அதிகம். நேரடிச் சூட்டில் சில நொடிகளில் கருகிவிடும். சிவப்பு நிறமி கொழுப்பில் கரைந்ததும் ஒரு கை தண்ணீர் தெளித்து, கறி, உப்பு, கேரவே விதை போட்டு மூடுகிறார்கள். கறி தன் நீரை விடுகிறது, அதிலேயே வேகிறது. நீர் வற்றி, கொதிக்கும் ஓசை மாறி கொழுப்பில் பொரியும் ஓசை கேட்கத் தொடங்கும்போது மறுபடி கொஞ்சம் தண்ணீர். வற்ற விடுவது, ஊற்றுவது, மறுபடி வற்ற விடுவது. இப்படியே கறி மெத்தாகும் வரை. மாவு கிடையாது, ஒயின் பெரும்பாலும் கிடையாது. வெங்காயமே கரைந்து குழம்பாகிறது. பழுப்பு ருசி முதலிலேயே மொத்தமாக வராமல் ஒவ்வொரு வற்றலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. எண்ணெய் பிரிய வதக்கிச் சுக்கா செய்யும் தமிழ்நாட்டுக் கைக்கு இந்த வேலையை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

(ஹங்கேரியின் செகெட் நகரில் பணியாற்றிய ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜி, பாப்ரிகா மிளகாயிலிருந்து வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தார்; 1937ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வந்தது. மூன்று மணி நேரம் வெந்த பொர்கொல்ட்டில் அந்த வைட்டமின் எவ்வளவு மிஞ்சும் என்று மட்டும் கேட்கக் கூடாது.)

கேரளத்து இஷ்டுவும் வறுப்பதில்லை. அங்கே நிறம் வெளுப்பாக இருப்பதே அழகு. தேங்காயெண்ணெயில் ஏலம், கிராம்பு, பட்டை, மிளகு பொரிந்ததும் வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதங்கும், சிவக்கும் முன் நிறுத்திவிடுவார்கள். இரண்டாம் பாலில் கறியும் கிழங்கும் வேகும். முதல் பால் கடைசியில். ஊற்றியபின் கொதிக்க விட்டால் திரிந்துவிடும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலையில் நோன்பு முடித்து ஆப்பத்தோடு சாப்பிடும் உணவு அது. கறுத்த பர்கண்டிக் குழம்பைச் சாப்பிட்ட நாக்கு இதைச் சாதுவானது என்று நினைக்கலாம். மிளகும் பச்சை மிளகாயும் இரண்டாவது வாயில்தான் வேலையைக் காட்டும்.

இலங்கைப் பறங்கியரின் ஸ்மோர் இன்னும் சுவாரசியம். டச்சுக்காரர் காலத்து வழிவந்த சமையல். உள்ளே போகும் மசாலாவும் தேங்காய்ப்பாலும் தீவின் சொத்து. முழுத்துண்டு மாட்டிறைச்சியை வினிகரில் ஊறவைத்து, தேங்காய்ப்பாலில் மெதுவாக வேகவைத்து, மெத்தானபின் எடுத்து நெய்யில் சிவக்க வறுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பிறகு துண்டு போட்டுச் சுண்டிய குழம்பை ஊற்றுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் முதலில் செய்வதை இவர்கள் கடைசியில் செய்கிறார்கள். லீபிக்கின் கவசக் கொள்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு தேவையில்லை.

சரி, சூட்டுக்கு வருவோம். கறியைக் கெடுப்பதில் முதலிடம் கொதிநிலைக்கு. தளதளவென்று கொதிக்கும் குழம்பில் நார்கள் அதிகம் சுருங்கும், கொழுப்பு குழம்போடு அடிபட்டுக் கலங்கும். மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்து உடையும் நிலை, அதாவது 85லிருந்து 95 டிகிரிக்குள், போதும். ஐரோப்பிய வீடுகளில் இதற்கு அவன் இருக்கிறது. 150 டிகிரியில் வைத்து மூடியைக் கொஞ்சம் விலக்கினால், ஆவியாகும் நீரே குழம்பைக் கொதிக்காமல் பார்த்துக்கொள்ளும். வெளியே தலை நீட்டும் துண்டுகளின் மேற்பகுதி தானே சிவக்கவும் செய்யும். அவன் இல்லாத வீட்டில் பிரியாணிக்குத் தம் போடும் உத்தி இதற்கும் பொருந்தும்: சின்ன பர்னர், அதன்மேல் தோசைக்கல், கல்லின்மேல் அடிகனமான சட்டி.

சூட்டை அடக்கி வைப்பதில் மதம் கற்றுத்தந்த பாடமும் உண்டு. சனிக்கிழமை ஓய்வு நாளில் யூதர்கள் நெருப்பு மூட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்பே மாட்டுக்கறி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு போட்ட சோலண்ட் பானையை ஊர் ரொட்டிக்காரரின் ஆறும் அடுப்பில் வைத்துவிடுவார்கள். மறுநாள் மதியம் எடுத்தால் வெந்திருக்கும். லித்துவேனியாவில் தாய் பார்த்த இந்தப் பானையைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர் அமெரிக்கப் பொறியாளர் இர்விங் நாக்சன். மின்சாரத்தில் மெதுவாகச் சமைக்கும் பானைக்கு 1940ல் காப்புரிமை பெற்றார். 1970ல் ரைவல் நிறுவனம் அவரது தொழிலை வாங்கி, மறு ஆண்டு 'கிராக்-பாட்' என்று சந்தைக்கு விட்டது. வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு அது வரம். குறை ஒன்று: இறுக மூடியிருப்பதால் நீர் ஆவியாகாது, குழம்பு தண்ணீராக நிற்கும். கடைசியில் வேறு பாத்திரத்தில் சுண்டவைக்கத்தான் வேண்டும்.

மறுகோடியில் குக்கர். 1679ல் தெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் காட்டிய 'டைஜெஸ்டர்' அதன் பாட்டன். 1682ல் அறிஞர்களுக்கு அவர் வைத்த விருந்தில் கெட்டி எலும்புகூட மெத்தென்று ஆகியிருந்ததை ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார். இன்றைய குக்கருக்குள் சூடு 120 டிகிரியை ஒட்டி ஏறுகிறது. கொலாஜன் கரையும் வேகம் பல மடங்கு. கிழ மாட்டுக் கறிக்கு நம் வீடுகளில் குக்கரே கதி என்பதில் தவறில்லை. தவறு, விசில் கணக்கில். 'ஏழு விசில்' என்பது அடுப்பின் வீரியம், குக்கரின் அளவு, உள்ளே இருக்கும் தண்ணீர் என மூன்றையும் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து கடிகாரத்தைப் பார்ப்பதே நம்பகம். ஆவியை வலுக்கட்டாயமாக இறக்கவும் கூடாது. அழுத்தம் திடீரென்று விழும்போது கறிக்குள் இருக்கும் நீர் கொதித்து ஆவியாகப் பறந்துவிடும்.

ஊற்றும் திரவத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் பெருமை அதிகம், விஷயம் குறைவு. பர்கண்டியில் ஒயின், ஃப்ளாண்டர்ஸில் பீர், அயர்லாந்தில் கறுத்த ஸ்டவுட் பீர். அவரவர் ஊரில் எது மலிவோ அது உள்ளே போயிற்று. மது முழுக்க ஆவியாகிவிடும் என்ற பரவலான நம்பிக்கை சரியல்ல. 1992ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின்படி, கால் மணி நேரம் வெந்த உணவில், ஊற்றிய ஆல்கஹாலில் 40 சதவீதம் தங்குகிறது; இரண்டரை மணி நேரம் கழித்தும் 5 சதவீதம் மிஞ்சுகிறது. மதுவே வேண்டாம் என்பவர்கள் வருந்தத் தேவையில்லை. ஒயின் தருவது புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, நிறம். தக்காளி விழுதை எண்ணெயில் கருஞ்சிவப்பாக வதக்கி, முடிவில் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டால் வேலை நடக்கும்.

தக்காளிக்கு வேறொரு நியாயமும் உண்டு. 1908ல் ஜப்பானில் கிகுனே இகேதா கொம்பு கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913ல் ஷிந்தாரோ கோதாமா உலர்ந்த மீனில் இனோசினேட்டைக் கண்டார். இரண்டும் சேர்ந்தால் சுவை கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு எழும்பும். கறியில் இனோசினேட் உண்டு. தக்காளியிலும் சோயா சாஸிலும் குளுட்டமேட் உண்டு. ஐரோப்பியச் சமையல்காரர்கள் ஸ்டூவில் நெத்திலியை ஒளித்து வைப்பதும் இதற்குத்தான். மீன் வாடை வராது. கறி இன்னும் கறியாக ருசிக்கும்.

காய்களைக் கறியோடு சேர்த்துப் போடுவது சோம்பேறித்தனம். கேரட்டும் உருளையும் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். மூன்று மணி நேரம் கிடந்தால் கேரட் ருசியிழந்து குழையும். மறுபக்கம், தக்காளியோ ஒயினோ மிகுந்த குழம்பில் உருளை நெடுநேரம் கட்டையாகவே நிற்பதுண்டு. புளிப்பு, காய்களின் செல்சுவர் கரைவதைத் தாமதப்படுத்துகிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் போடுவதும், புளிப்பு தூக்கலாக இருந்தால் உருளையைத் தனியே அரைவேக்காடு வேகவைத்துச் சேர்ப்பதும் வழி.

கெட்டியாக்க மைதாவைத்தான் நம்ப வேண்டும் என்பதில்லை. நிஹாரியில் கோதுமை மாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். ஃப்ளாண்டர்ஸில் கடுகு விழுது தடவிய ரொட்டித் துண்டைக் குழம்பின்மேல் வைத்துக் கரைய விடுகிறார்கள். வெந்த உருளை இரண்டை மசித்துவிட்டாலும் போதும். மாவு அதிகமானால் மசாலா மணம் மங்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இதையெல்லாம் ஒரு தமிழ்நாட்டு வீட்டு அடுப்பில் பொருத்திப் பார்க்கலாம். முன்னங்கால் சதையோ கழுத்துக்கறியோ ஒரு கிலோ. முந்தின இரவே உப்புத் தடவிக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் ஈரம் துடைத்து, அகலமான இரும்புச் சட்டியில் மூன்று தவணையாகச் சிவக்க வறுத்துக் குக்கருக்கு மாற்ற வேண்டும். அதே சட்டியில் கால் கிலோ வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுது வதக்கி, இரண்டு கோப்பைத் தண்ணீர் ஊற்றி அடியைச் சுரண்டிக் குக்கரில் சேர்க்கலாம். இடித்த மிளகு, பட்டை, பிரியாணி இலை. முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் 40 நிமிடம்; ஆவி தானே அடங்கட்டும். திறந்து ஒரு துண்டைக் கரண்டியால் அழுத்தினால் பிளக்க வேண்டும். பிளக்காவிட்டால் இன்னும் பதினைந்து நிமிடம். பிறகு மூடியில்லாமல் கேரட், உருளை போட்டு மெதுவான கொதியில் வேகவிட்டால் குழம்பும் சுண்டும். மூன்று மணி நேரச் சட்டி ஸ்டூவின் ஆழம் இதில் வராது. முக்கால்வாசி வரும், வேலை நாளுக்கு அது நல்ல பேரம்தான்.

மிஞ்சியதை என்ன செய்வது? மறுநாள் ஸ்டூ அதிக ருசி என்பதில் உண்மை இருக்கிறது. குழம்பிலேயே ஆறும் கறி தான் விட்ட சாற்றில் கொஞ்சத்தைத் திரும்ப உறிஞ்சும். மேலே உறையும் கொழுப்பை ஒரே தகடாக எடுத்துவிடலாம். ஆனால் 1958லேயே டிம்ஸ், வாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சூடுபடுத்திய பழைய கறியில் வரும் சிக்கு வாடையைப் பற்றி எழுதினார்கள். கறியிலுள்ள இரும்பு, கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெடுவதைத் துரிதப்படுத்துகிறது. கறி முழுக்கக் குழம்பில் மூழ்கியிருந்தால், வெங்காயமும் மசாலாவும் கூட இருந்தால், வாடை குறையும்.

வாடையைவிடப் பெரிய கவலை கிருமி. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. பெரிய பானையில் கறி மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். விருந்து முடிந்த மறுநாள் பலருக்கு ஒரே நேரத்தில் வயிற்றைக் கலக்குவது பல சமயம் இதனால். அண்டாவை இரவெல்லாம் அடுப்பின்மேலேயே மூடி வைப்பதை விட்டு, அகலமான ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் ஏற்ற வேண்டும். எடுக்கும்போது வெதுவெதுப்பாக்கினால் போதாது, நன்றாகக் கொதிக்க வேண்டும். ஃப்ரீசரில் வைப்பதானால் உருளையைப் போடும் முன்பே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடலாம். உறைந்து உருகிய உருளை மணல் மணலாக உதிரும். கறியும் குழம்பும் இரண்டு மூன்று மாதம் தாங்கும். கிழங்கைச் சாப்பிடும் நாளன்று புதிதாக வேகவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.